வாப்பாட வழி

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம், எழுபத்தொன்பதில், நான் மருதமுனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். அரசாங்க மருந்துச்சாலை. டொக்டர் கிழமையில் மூன்று நாள் வருவார். மிச்ச நாளெல்லாம் என்னுடைய ராச்சியம். ஊரார் என்னை ‘டிஸ்பென்சர் தம்பி’ என்றார்கள். என் பெயர் சாமித்தம்பி, ஊர் தம்பிலுவில், வயது முப்பத்தொன்று, இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்பதெல்லாம் நான் பெட்டியோடு வந்திறங்கிய கிழமைக்குள்ளேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தது ஒன்றுதான். என் அப்பா சாராயம் குடித்தே ஈரல் வீங்கிச் செத்தவர். அதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

நான் தங்கியிருந்த அறைக்கும் ஜுனைதா உம்மாவின் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. அந்த வளவில் நாலு தறி ஓடியது. சூறாவளி பட்டறையின் கூரை ஓடுகளை அள்ளிக்கொண்டு போனதில், பாதிக்கு ஓடும் பாதிக்குத் தென்னோலையுமாக மேய்ந்திருந்தார்கள். விடியற்காலையில் சாய அடுப்பின் புகையும், அதற்குப் பிறகு நாடா ஓடும் சத்தமும் வேலிக்கு மேலால் வரும். சாயம் காய்ச்சுவது ஜுனைதா உம்மாவின் புருசன் கச்சிமுகம்மது காக்கா. மற்றவர் பத்து வார்த்தை பேசும் இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். அந்த ஒன்றையும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒரே மகள் சித்தி லைலா. ஊரில் சாறனுக்குக் கரை போடுவதில் அவளை வெல்ல ஆளில்லை என்பார்கள்.

சூறாவளிக்கு மூன்று மாதம் முந்தி அவளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை அப்துல் ஸமட், சம்மாந்துறை ஆள், அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் ஏற்றும் உழவு மெசின் ஓட்டுபவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. வருகிறவன் கையில் இரண்டு சாறனும் ஒரு சைக்கிளும் இருந்தால் போதும். ஆனால் அவன் எந்த வயிற்றுவார் என்பதை மட்டும் துருவித் துருவிக் கேட்பார்கள். வயிற்றுவார் என்றால் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று போகும் வழி. தகப்பன் வேறொரு வழிக்காரன். அவனை ஆரும் பெரிதாக விசாரிப்பதில்லை. தமிழரான எங்கள் தம்பிலுவிலிலும் இதே முறைதான் என்பதால் நான் சிரிக்க முடியாது.

ஜுனைதா உம்மா ஸமட்டின் உம்மா வழியை ஏழு தலைமுறைக்கு விசாரித்தார். ஒரு கறையும் இல்லை. ஸமட்டின் வாப்பா அச்சிமுகம்மது காய்ச்சலில் மௌத்தானவர் என்றார்கள். சரி, அல்லாஹ்வின் நாட்டம் என்று அதோடு விட்டுவிட்டார்.

மாசியில், அறுவடை மும்முரத்தில், சம்மாந்துறையில் ஒரு மையித்து வீட்டுக்கு ஜுனைதா உம்மா துக்கம் கேட்கப் போன இடத்தில்தான் யாரோ ஒரு கிழவியின் வாய் சும்மா இருக்கவில்லை. அச்சிமுகம்மதுவா, அவர் காய்ச்சலில் போனவரா, நல்ல கதை, வாய்க்காலில் குப்புறக் கிடந்தவரைத் தூக்கியபோது தூக்கியவர்களுக்கே சாராய நெடியில் வெறித்ததே என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்வரை ஜுனைதா உம்மா வாய் திறக்கவில்லையாம். வந்ததும் வீட்டுக்குள் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, ஒண்டு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். தகப்பன் குடிச்சா புள்ளையும் குடிக்கிற, அது ரெத்தத்தில வாற சங்கதியா?”

குடியைப் பற்றிக் கேட்பதென்றால் தமிழனிடம்தான் கேட்க வேண்டும் என்று எண்ணிவிட்டாரோ என்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. டொக்டர் விட்டுப்போன ஓர் இங்கிலீசு வைத்தியச் சஞ்சிகையில் அதே விசயம் வந்திருந்தது. என் சொந்தக் கவலைக்காக நான் அதை நாலு தரம் வாசித்திருந்தேன். டென்மார்க் நாட்டில், குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்து, கைப்பிள்ளையிலேயே வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்த ஆண்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆராய்ந்திருந்தார்கள். தகப்பனின் முகத்தையே காணாத பிள்ளைகள். அப்படியிருந்தும், அதேபோல வளர்க்கக் கொடுத்த மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய நாலு மடங்கு பேர் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள்.

“ஓம் உம்மா. ரெத்தத்திலயும் இருக்கு. நாலு மடங்கு எண்டு எழுதியிருக்காங்க,” என்றேன்.

படித்தவன் என்று கேட்டதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் மேலே யோசிக்கவில்லை. ஜுனைதா உம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் உளவு தொடங்கியது. மருமகன் முன்னால் மாமி வந்து நின்று கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, கதவோடு கதைப்பதுபோல் கதைப்பார். அது மரியாதை. இப்போது அதே கதவு ஜுனைதா உம்மாவுக்கு மறைப்பாக உதவியது. ஸமட் தேத்தண்ணி குடித்து வைத்த கோப்பையை லைலா எடுக்குமுன் அவர் எடுத்து மூக்கருகே பிடிப்பார். தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒரு தரம் தானே கழற்றித் துவைத்தார், துவைக்குமுன் மணந்து பார்த்தார். கழற்றிப் போட்ட சேட்டையும் அப்படியே. உம்மாவுக்கு இந்தத் துப்புரவு எங்கிருந்து வந்தது என்று லைலா முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

பார்க்கப் பார்க்கச் சந்தேகத்துக்குத் தீனியும் கிடைத்தது. ஆலை ஐந்து மணிக்கு மூடினால் ஆறு மணிக்கு வீட்டில் நிற்க வேண்டியவன் ஏழரைக்கு வருகிறான். கண் இரண்டும் சிவந்திருக்கின்றன. வாயில் எந்நேரமும் கராம்பு. தார் றோட்டால் வருகிறவனின் சைக்கிள் டயரில் வயல் சேறு அப்பியிருக்கிறது. ஒவ்வொன்றையும் ஜுனைதா உம்மா வேலியோரம் வந்து எனக்கு ஒப்புவிப்பார். கராம்பு என்னத்துக்குத் தம்பி, வாசத்தை மறைக்கத்தானே என்பார். நானும் பெரிய வைத்தியன்போலத் தலையை ஆட்டினேன். கொஞ்ச நாளில் எனக்கே அவன் சைக்கிள் மணி கேட்டால் மணிக்கூட்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு நாள் முற்பகல் ஸமட் மருந்துச்சாலைக்கு வந்தான். கண்ணில் நெற்சுணை விழுந்து, தேய்த்துத் தேய்த்து இமை தடித்திருந்தது. விளக்கை எடுத்துப் பார்க்கும் சாட்டில் நான் அவன் வாயருகே குனிந்தேன். கராம்பு வாசம் மட்டும்தான் வந்தது. நிமிர்ந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்களுமா அண்ணன்,” என்றான்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, மன்னிச்சுக்கொள்ளுங்க என்று சொன்னேன். அவன் போகவில்லை. வாங்கில் உட்கார்ந்து, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு கதைக்கத் தொடங்கினான்.

பதினெட்டு வயதில் அம்பாறைப் பக்கம் கரும்புச் செய்கைக்கு மெசின் ஓட்டப் போயிருக்கிறான். கூட வேலை செய்த மூன்று பேர் ஒரு பெருநாளுக்குப் போத்தல்கள் வாங்கி வந்து இவனையும் இழுத்து உட்கார்த்தியிருக்கிறார்கள்.

“அவனுகள் ரெண்டு கிளாசில சத்தியெடுத்துப் படுத்திட்டானுகள். மிச்சத்த நான்தான் குடிச்ச. ஒண்டும் செய்யல்ல அண்ணன். தல சுத்தல்ல, நாக்குக் குழறல்ல. எழும்பி நேர் கோட்டில நடந்து போன. அடுத்த நாள் எல்லாரும் மெச்சுறாங்க, அச்சிமுகம்மதுட மகன்தான் நீ, உங்கிட வாப்பாவும் எவ்வளவு குடிச்சாலும் ஆடமாட்டார் எண்டு. அதக் கேட்டாப் பொறகுதான் எனக்குப் பயம் புடிச்ச. மத்தவனுக்கு உடம்பு போதும் எண்டு சொல்லுது. எனக்கு அது சொல்லாது.”

அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவன் தொடவில்லை. ஆனால் ருசி மறக்கவில்லை என்றான். கல்முனைப் பட்டினத்துக்குள் றோட்டோரம் ஒரு தவறணை, சாராயக்கடை, இருந்தது. அதைத் தாண்டும்போது கை தானாக பிரேக்குக்குப் போகிறதாம். அதற்காகவே கல்முனையைத் தவிர்த்து, நற்பிட்டிமுனை வயல் வரம்பால் சுற்றி வருகிறான். ஒன்றரை மணித்தியாலம் கூடச் செல்கிறது. வாய் சும்மா இருந்தால் எண்ணம் அங்கே போகிறது என்று கராம்பு சப்புகிறான்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொந்தத் தகப்பனைப்பற்றி நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனிடம் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் பயத்தில் கலியாணத்தையே ஒதுக்கி வைத்தவன். அவனோ அதே பயத்தோடு குடும்பம் நடத்த வந்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜுனைதா உம்மாவின் முற்றத்தில் பாய் விரித்தார்கள். அவருடைய தாய் வழிக்குப் பொறுப்பான பள்ளிப் பெரியவர், மரைக்காயர், வந்திருந்தார். அயலவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். லைலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறக்குமுன் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஜுனைதா உம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஊர் வழக்கு அப்படித்தான். ஆள்மேல் ஒரு பழி விழுந்தால், கழுவிச் சுத்தமாகி வந்து குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பழி சொன்னவர் வாயை மூட வேண்டும். செய்யாவிட்டால் பழி உண்மை.

மரைக்காயர் நல்ல மனுசன். ‘குடிக்கல்ல, இனியும் குடிக்கமாட்டன்’ எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, இதோட முடிஞ்சி போகும், எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கலைவம் என்றார். கதவுக்குப் பின்னால் ஜுனைதா உம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. ஸமட் கை கால் கழுவி உளூச் செய்த ஈரத்தோடு நின்றான். குர்ஆனைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“ஏலாது,” என்றான். “நான் சத்தியம் பண்ணமாட்டன்.”

ஏன் என்று மரைக்காயர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அவன் ‘ஏலாது’ என்றே சொன்னான். எனக்குத் தெரியும். குடித்ததேயில்லை என்றால் அது பொய். குடிக்கவேமாட்டேன் என்றால், வரப்போகும் நாளுக்கெல்லாம் சேர்த்து அல்லாஹ்விடம் வாக்குக் கொடுத்தாக வேண்டும். அவனுக்கு அல்லாஹ்வில் பயம் இருந்தது. தன்னில் நம்பிக்கை இல்லை. துணிந்த ஒரு குடிகாரன் அந்த இடத்தில் கூசாமல் கை வைத்திருப்பான். இவன் யோக்கியன் என்பதால் மாட்டிக்கொண்டான். அதை எழுந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு சாட்டு. சொன்னால் ‘உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்’ என்று யாராவது திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் என்னை உட்கார வைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் உள்ளே போய் இரண்டு சாறனையும் மூன்று சேட்டையும் சீலைப் பையில் திணித்து, சைக்கிளில் கொளுவிக்கொண்டு போனான். லைலா படலைவரை ஓடி வந்தாள். கச்சிமுகம்மது காக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயம் பட்ட அவருடைய விரல்கள் அவள் வெள்ளைச் சட்டையில் பதிந்திருந்தன.

ஒரு மாதம் ஓடியது. நாலாம் தறி, லைலாவின் தறி, சும்மா கிடந்தது. பாவு ஓட்டியபடியே தூசி பிடித்தது. சம்மாந்துறையிலிருந்து ஆள் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கலியாணத்தை அறுக்கும் பசுக்கு முடித்துவிட்டால் நல்லது என்று ஜுனைதா உம்மா காதி நீதவானின் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். லைலா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுகிறாள் என்று ஒரு நாள் மருந்துச்சாலைக்குக் கூட்டி வந்தார். இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லை. இரும்புக் குளிசை எடுத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜுனைதா உம்மா தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

“யோசிக்காத புள்ள. வயித்தில இரிக்கிறது எங்கிட வயித்துவார். எங்கிட வழிதான் அதுக்கு. அவர் போனதோட அந்த நஞ்சும் போயிட்டு.”

என் கை நின்றுவிட்டது. அப்போதுதான் அவருடைய கணக்கு எனக்கு விளங்கியது. மருமகனை அனுப்பிவிட்டால், தகப்பன் வழி என்று ஒன்று பிள்ளைக்கு இல்லாமல் போய்விடும் என்று அவர் மெய்யாகவே நம்பியிருந்தார். பள்ளியில், கலியாணத்தில், காணி பிரிப்பதில், எல்லாவற்றிலும் தாய் வழிதான் செல்லும் என்று பார்த்து வளர்ந்தவர் உடம்பிலும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார்.

“இல்ல உம்மா,” என்றேன். “வழக்கு வேற, உடம்பு வேற. புள்ளைக்குப் பாதி உம்மாட்ட இருந்து, பாதி வாப்பாட்ட இருந்து. அவர அனுப்பலாம், அவர்ர பாதிய அனுப்ப ஏலாது.”

ஜுனைதா உம்மா வாய் திறக்குமுன் லைலா தலையை நிமிர்த்தினாள். அவள் என் முன்னால் கதைத்ததே அன்றுதான் முதல் தரம்.

“நான் அவரோட எத்தின மாசம் ஒரே பாயில படுத்த உம்மா. எனக்கு ஒரு நாளும் வராத வாசம் உங்களுக்கு மட்டும் எப்பிடி வந்த? சாராய வாசம் இதுதான் எண்டு உங்களுக்கு ஆரு சொல்லித் தந்த?”

ஜுனைதா உம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குளிசைப் பொட்டலத்தை வாங்காமலே எழுந்து வெளியே போனார். எனக்கும் அது உறைத்தது. மருதமுனையை விட்டுச் சம்மாந்துறைக்கு அப்பால் போகாத பெண். தவறணைப் பக்கம் தலை வைத்தும் படுத்தவரல்ல. கோப்பையை மணந்து பார்க்கிறாரே, எதைத் தேடி மணக்கிறார்? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனம் இவர் மடியில்தான் இருந்ததோ என்று நான் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்து, சனம் கலைந்த பிறகு, அவர் தனியே வந்தார். வாங்கின் நுனியில் உட்கார்ந்தார். குளிசையை மறந்து விட்டிட்டுப் போனன் என்றார். கொடுத்தேன். எழும்பவில்லை.

“தம்பி, எனக்குக் கூடப்பொறந்த ஒரு காக்கா இரிந்த, எனக்கு மூத்தவர். சீனிமுகம்மது. இந்தியாவுக்குச் சாறன் யாவாரத்துக்குப் போன இடத்தில வாந்திபேதியில மௌத்து எண்டுதான் ஊரெல்லாம் சொன்ன. என்ட மனுசனுக்கும் அதத்தான் சொன்ன. அவர் இந்தியாவுக்குப் போகல்ல. ஒரு இடத்துக்கும் போகல்ல. எங்கிட பட்டறைக்குள்ளதான் பூட்டி வெச்சிரிந்த, ஏழு மாசம். எனக்குப் பதினாலு வயசு. சோறு கொண்டு போய்க் குடுக்கிற நான்தான். எப்பிடியோ அவருக்கு அந்தக் கண்றாவி வந்து சேர்ந்திடும், கூரையால, சாயப் பானைக்குள்ளால. குடிச்சா ஆடவே மாட்டார் தம்பி. பாவு புணைப்பார், ஒரு இழ பிசகாது. ஆரும் கண்டுபுடிக்க ஏலா. வாசம் மட்டுந்தான். நான்தான் மணந்து பாத்து உம்மாக்குச் சொல்ற. கடைசில அதுக்குள்ளயே மௌத்தாப் போனார்.”

ஆடவே மாட்டார். இதே சொல்லை இதே வாங்கிலிருந்து இன்னொருவன் சொல்லிக் கேட்டிருந்தேன். அவன் வாங்கிய வாக்கு என் நாக்கைப் பிடித்தது.

“தாய் வழியாலயும் இது வருமா?” என்று கேட்டார்.

“வரும் உம்மா.”

“அப்ப மருமகனுக்கு வாப்பாட வழி. அந்த வழிய நாங்க எண்ணுறதே இல்ல. எனக்கு உம்மாட வழி. எண்ணுற வழி.” கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வழக்குப்படி பாத்தா அவங்கதான் எங்கள வேணா எண்டிரிக்கணும்.”

அப்போதுதான் நான் முதலில் விட்டுவிட்ட பாதியைச் சொன்னேன். அந்த டென்மார்க்குப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினெட்டுப் பேர்தான் குடிக்கு அடிமையானவர்கள். அதே தகப்பன்மாரின் ரத்தம் ஓடிய மற்ற எண்பத்திரண்டு பேர் ஆகவில்லை. நாலு மடங்கு என்பதும் மெய், இதுவும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் உம்மா, நான் அரைவாசியைச் சொல்லி உங்கள் குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்றேன். என் அப்பாவின் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க எனக்குக் கனநேரம் எடுத்தது.

அவர் அதற்கு அனுதாபம் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

“அந்த எம்பத்திரெண்டு பேரும் என்ன செஞ்சி தப்பினாங்களாம்?”

“அது தாளில எழுதல்ல உம்மா.”

“எழுதல்லயா,” என்றார். “அதத்தானே எழுதியிரிக்கணும்.”

சம்மாந்துறைக்குப் போங்க, உங்கள் காக்கா சீனிமுகம்மதுவின் கதையை மருமகனிடம் சொல்லுங்க, அவர் விளங்கிக்கொள்வார் என்று மட்டும் சொன்னேன். நீங்களும் வந்து அந்தத் தாளில் உள்ளதை அவங்களுக்குச் சொல்லணும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கச்சிமுகம்மது காக்காவோடு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அவருக்கு, மருமகனைக் கூப்பிடப் போகிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மனைவியின் மடியில் ஓர் ஏனம் நிறைய வட்டிலப்பம் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் ஜுனைதா உம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். சம்மாந்துறையில் இறங்கியதும் அவித்த நெல்லின் வாசம் மூக்கில் ஏறியது. றோட்டின் இரண்டு கரையிலும் நெல் காயப் போட்டிருந்தார்கள். மெசின்கள் அதற்கு விலகி விலகிப் போயின.

ஸமட்டின் உம்மா சுபைறா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். வந்தவர்களை நிற்க வைக்கக்கூடாதே என்று பாய் போட்டார். மரியாதைக்கு நீட்டும் வெற்றிலை வட்டா வைக்கவில்லை. ஸமட் ஆலையிலிருந்து வந்தான், தலைமுடியெல்லாம் உமி. மாமியைக் கண்டதும் வழக்கப்படி தூணுக்கு அப்பால் ஒதுங்கினான். ஜுனைதா உம்மா எழுந்து முற்றத்துக்கு இறங்கி, அவன் முன்னால் போய் நின்றார். கச்சிமுகம்மது காக்கா திடுக்கிட்டுப்போனார். ஜுனைதா உம்மா நின்றபடியே தன் காக்கா சீனிமுகம்மதுவின் கதை முழுவதையும் சொன்னார். பூட்டி வைத்ததை, வாசம் பிடித்ததை, ஆடாமல் பாவு புணைத்ததை, ஊருக்குச் சொன்ன பொய்யை.

முடிந்ததும் முதலில் வாய் திறந்தவர் கச்சிமுகம்மது காக்கா. “பட்டறைக் கதவுட உள்பக்கத்தில நெடுகக் கீறல். இருபது வருசத்துக்கு மேல யோசிச்சன், என்ன மிருகம் கீறினதோ எண்டு,” என்றார். இந்தத் தரம் மனைவியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

சுபைறா விடவில்லை. விடுவதற்கும் நியாயமில்லை. உங்கள் மடியில் இதை வைத்துக்கொண்டா என் பிள்ளையைப் பள்ளிக்காரரின் முன்னால் நிறுத்தினீர்கள், புருசன் வாய்க்காலில் கிடந்ததைப் பார்த்தவள் நான், மகனை அந்தச் சாக்கடைக்குள் விடாமல் வளர்த்தவள் நான், இன்றைக்கு வட்டிலப்பத்தோடு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் அந்த எண்பத்திரண்டு பேரின் கதையைச் சொல்லப் பார்த்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

ஸமட் தூணை விட்டு வந்தான். “உம்மா, கொஞ்சம் பேசாம இரிங்க,” என்றான். பிறகு மாமியைப் பார்த்தான்.

“உங்கிட காக்கா ஆடல்ல எண்டயள். நானும் ஆடல்ல மாமி. பதினெட்டு வயசில ஒருக்காக் குடிச்ச. அதுதான் சத்தியம் பண்ணல்ல. லைலாக்கும் சொல்லல்ல, அது என்ட பிழ.”

“அப்ப வீட்டுக்கு வாங்க,” என்றார் ஜுனைதா உம்மா. “பொறக்கப்போற புள்ளைக்கு ரெண்டு பக்கத்தாலயும் இரிக்கி. என்ன எண்டு தெரிஞ்ச ஆக்கள் அந்த வீட்டில வேணும். எனக்கு வாசந்தான் தெரியும். அதத் தொடாம இரிக்கிற எப்பிடி எண்டு உங்களுக்குத்தான் தெரியும்.”

அவன் தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டான்.

“வாறன். சத்தியம் மட்டும் கேக்காதீங்க, எனக்கு என்னில அவ்வளவு நம்பிக்க இல்ல. நீங்க என்ன நம்பவும் வேணா மாமி. சந்தேகப்பட்டுக்கிட்டே இரிங்க, அது எனக்கு ஒதவி. கதவுக்குப் பின்னால நிண்டு கோப்பைய மணக்கிறத மட்டும் விட்டுடுங்க. முன்னுக்கு வந்து கேளுங்க. ஒவ்வொரு நாளும் கேளுங்க.”

ஜுனைதா உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். மருமகனின் முகத்தை நேரே பார்த்தார்.

“இண்டைக்குக் குடிச்சயளா மகன்?”

“இல்ல மாமி.”

“நாளைக்கு?”

“அத நாளைக்குக் கேளுங்க.”

அவர் தலையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, உடுப்பை எடுத்துக்கொண்டு வாங்க என்றார்.